சாயவேர் விளைந்த மணலில் ஒரு குறிப்பேடு

கையால் தைத்த ஏடு. உள்ளே இலைகளின் அச்சுப் பதிந்த தாள்கள். இடையிடையே பூச்சாயமும் பட்டைச்சாயமும் ஏறிய துணித்துண்டுகள். இத்தகைய கலைக்குறிப்பேடுகளைச் சென்னையின் கண்காட்சிகளிலும் விடுமுறைக்காலப் பயிலரங்குகளிலும் இப்போது காண முடிகிறது. அழகானவை, விலையும் குறைவன்று. அட்டையில் 'இயற்கை' என்ற சொல் ஏதேனும் ஒரு வடிவில் இடம்பெற்றிருக்கும். எந்த ஊரின் இயற்கை, எந்த மரத்தின் இலை, எந்தக் கிணற்றின் நீர், யாருடைய கை என்ற விவரங்களை மட்டும் நாம் பார்த்த ஏடுகளில் காண முடியவில்லை. இது சிறு குறைதானே என்று தோன்றலாம். அந்த ஏட்டின் பயனையே கெடுக்கும் குறை என்பது நம் கருத்து. மணலியில் அப்படியொரு ஏட்டைச் செய்து பார்த்த பிறகு இக்கருத்து உறுதிப்பட்டது.

மணலி என்றதும் சென்னைவாசிகளுக்கு நினைவுக்கு வருபவை புகைபோக்கிகளே. 1965-இல் நிறுவப்பட்டு 1969-இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அதையடுத்து வந்த உர ஆலை, பெட்ரோலிய வேதிப்பொருள் தொழிற்சாலைகள், துறைமுகத்துக்கு வரிசைகட்டிச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் ஆகியவற்றால் அறியப்பட்ட ஊர். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இங்கே இலை பொறுக்கிச் சாயம் காய்ச்சுவதா என்று நண்பர்கள் நகைத்தனர். ஆனால் நம் மாணவியர் பலரும் மணலி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலிருந்தே வருகின்றனர். தமிழ் இலக்கியம் பயிலும் அவர்கள் நெய்தல் திணையின் கருப்பொருள்களை மனப்பாடமாகச் சொல்வர். தம் தெருவின் மரங்களைப் பெயர் சொல்லக் கேட்டால் மூன்றோடு நின்றுவிடுவர். அவர்களைத் தெருவில் நடக்கவைக்கும் ஓர் உபாயமாகவே இவ்வேலையைத் தொடங்கினோம்.

முறை எளியது. பருத்திக் கந்தல் கூழிலிருந்து செய்த கைத்தாளை வாங்கிக்கொண்டோம்; சாதாரண நோட்டுத்தாள் ஆவியில் நைந்துவிடும், பருத்தி நார்த் தாள் தாங்கும். துணிக்குப் பழைய வெள்ளை வேட்டிகள். இரண்டையும் படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்தோம். நாட்டு வாதுமையின் சிவந்து உதிர்ந்த இலைகள், தேக்கின் இளந்தளிர், மாதுளைத் தோல், வெங்காயச் சருகு, சங்குப்பூ, துலுக்கச் சாமந்தி என எளிதில் கிட்டியவற்றைச் சேர்த்துக்கொண்டோம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறவைத்து இரும்பு நீர் ஆக்கினோம். மணலியில் துருவுக்குப் பஞ்சமில்லை. தாள்களுக்கிடையே இலைகளை அடுக்கி, இரும்புக் குழாயில் இறுகச் சுற்றி, நூலால் கட்டி, மூடிய பாத்திரத்தில் ஒரு மணிநேரம் ஆவியில் வேகவைத்தோம். அந்தப் பாத்திரம் மீண்டும் சமையலுக்கு வரக்கூடாது என்பது முக்கியம். ஆறிய பின் பிரித்தால் இலை தன் நரம்புகளோடு தாளில் பதிந்திருக்கும். இந்த ஆவி அச்சு முறையை இன்றைய வடிவில் பலருக்கும் அறிமுகம் செய்தவர் ஆஸ்திரேலியக் கலைஞரான இந்தியா ஃப்ளின்ட். 2008-இல் வெளிவந்த அவருடைய 'ஈகோ கலர்' என்னும் நூல் பல நாட்டுக் கைவினை ஆர்வலரிடமும் சென்று சேர்ந்தது.

வடிவம் அங்கிருந்து வந்தது எனினும், அதன் உட்பொருள் நமக்குப் புதிதன்று. இலையிலும் பட்டையிலும் உள்ள டானின் இரும்போடு சேரும்போது கருமையாகிறது. படிகாரத்தோடு சேரும்போது சாயத்தைத் துணியில் பிடித்து நிறுத்துகிறது. நாவில் டானின் பட்டால் நாம் உணரும் சுவை துவர்ப்பு. 'துவர்' என்ற ஒரே சொல் தமிழில் அந்தச் சுவையையும் குறிக்கும், சிவந்த நிறத்தையும் குறிக்கும். துறவியர் உடுத்த சாயமேறிய உடை துவராடை. வேதியியல் பின்னாளில் விளக்கிய உறவை இந்தச் சொல் தனக்குள் முன்பே வைத்திருக்கிறது. சொல்லை ஆக்கியவர்கள் கடுக்காயைக் கடித்தும் பார்த்திருக்கிறார்கள், அதில் துணியை நனைத்தும் பார்த்திருக்கிறார்கள். வகுப்பறையில் பலமுறை விளக்கியும் பதியாத சொல், கடுக்காய் நீரில் கைவைத்த அன்று மாணவியர்க்குப் பதிந்துவிட்டது.

கடுக்காயைச் சொன்னால் சாயவேரையும் சொல்லியாக வேண்டும். இம்பூறல் என்று சித்த மருத்துவம் குறிப்பிடும் சிறு செடியின் வேர் அது. சோழமண்டலக் கடற்கரையின் மணற்பாங்கான நிலத்தில் தானே வளர்வது. படிகாரம் ஏற்றிய பருத்தித் துணியில் இதன் வேர்ப்பட்டை தந்த சிவப்பு, துவைக்கத் துவைக்கத் தெளிந்ததே அன்றி மங்கவில்லை. ஐரோப்பிய வணிகரை இக்கரைக்கு இழுத்தவற்றுள் இச்சிவப்பும் ஒன்று. ஆங்கிலத்தில் இவ்வேருக்கு வழங்கிய 'சே' என்ற பெயரே நம் 'சாயம்' என்ற சொல்லின் திரிபு. டச்சுக்காரர் 1613-இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, இப்பகுதியின் சாயத்துணியையும் சித்திரத்துணியையும் தென்கிழக்கு ஆசியாவுக்கு ஏற்றுமதி செய்தனர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டுவதையே அரசு வருவாயாக்கி வைத்திருந்தனர்.

மணலிக்கு இன்னும் அருகில் ஒரு சான்று உண்டு. திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டைக்கு 2021 முதல் மெட்ரோ ரயில் நிலையமும் இருக்கிறது. பெயரைக் கேட்பவர் யாரோ ஒரு மகானின் காலடி என்று கருதுவர். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் கோலட், நெசவாளரையும் துணியில் சித்திரம் தீட்டுவோரையும் குடியமர்த்திய பேட்டை அது. கோலட் பேட்டை என்பது மருவிக் காலடிப்பேட்டை ஆயிற்று. ஆக, செடிச்சாயம் ஏறிய துணி இப்பகுதிக்குப் பொழுதுபோக்காக வந்து சேர்ந்த புதுமை அன்று. அதற்கெனவே இங்கு ஓர் ஊர் இருந்தது.

சாயமேறிய துணித்துண்டுகளை ஒட்டிய குறிப்பேடும் நம் கரைக்குப் புதிதன்று. இதை அறிந்தபோது நமக்கு மகிழ்ச்சியும் உறுத்தலும் ஒருசேர ஏற்பட்டன. 1734-ஐ ஒட்டிப் புதுச்சேரியில் இருந்த பொல்யூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, பாரிசில் சாயங்களை ஆராய்ந்துவந்த து ஃபே என்ற அறிவியலாளரின் வேண்டுகோளுக்கிணங்க, சித்திரத்துணி செய்யப்படுவதை அருகிருந்து கண்டு கட்டம் கட்டமாக எழுதினார். எழுதியதோடு நில்லாமல், கட்டந்தோறும் துணியில் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்தார். கடுக்காய்ப் பாலில் நனைத்த துணி, கறுப்புக் கோடு வரைந்த துணி, சாயவேரில் கொதித்த துணி என்று வரிசையாகப் புரட்டலாம். அக்கையெழுத்துப்படி இன்றும் பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. 1742-இல் கேர்தூ என்னும் இயேசு சபைத் துறவி, தம் சபையில் சேர்ந்திருந்த சாயத்தொழிலாளரிடம் கேட்டறிந்து இதே தொழிலின் நுட்பங்களை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டிய முன்னோடியாக மொழியியல் மாணவர் அறிந்திருக்கும் அதே கேர்தூதான்.

மூன்றாவது சான்று அளவில் பெரியது. 1866-இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டிப் பதினெட்டுத் தொகுதிகளாக்கினார். இருபது படிகள் செய்யப்பட்டன. பதின்மூன்று பிரிட்டனில் வைக்கப்பட்டன, ஏழு இந்தியாவுக்கு வந்தன. பிரிட்டிஷ் ஆலைக்காரர் இந்தியர் விரும்பும் துணி எதுவென்று தொட்டுப் பார்த்து அதைப் போன்றே நெய்து நமக்கு விற்க வேண்டும் என்பதே நோக்கம். சென்னை மாகாணத்துத் துணிகளும் அவற்றுள் உண்டு. ஏடு என்ற வகையில் மிக அழகியது. வாழ்வைப் பறிப்பதற்கும் ஏடு கருவியாகலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றை நாம் கண்டதில்லை.

இம்மூன்று பதிவுகளிலும் துணியைப் பற்றிய அறிவு நிற்கிறது. பொல்யூவும் வாட்சனும் துணியையே நிறுத்திவைத்தனர். பொல்யூ, கேர்தூ, வாட்சன் என எழுதியவர் பெயர்களும் நிற்கின்றன. வணிகத்தின் இந்தப் பக்கத்திலும் சில பெயர்கள் எஞ்சியுள்ளன. துபாஷியாக இருந்து செல்வம் சேர்த்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரை, அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தை ஆதரித்த வள்ளலாக இலக்கிய வரலாறு நன்றாகவே அறியும். வேரை இடித்தவர், துணியைக் கொதிக்கவைத்தவர், ஆற்றில் அலசியவர் ஆகியோர் 'கைவினைஞர்' என்ற பொதுப்பெயருக்குள் கரைந்துவிட்டனர். துணியின் சாயம் முந்நூறு ஆண்டுகளாகப் போகவில்லை. சாயமிட்டவரின் பெயர் அவர் வாழ்ந்த நாளிலேயே போய்விட்டது.

அப்படியிருக்க, இன்று நாம் செய்யும் ஏட்டில் ஊரும் பேரும் இல்லாமல் அழகை மட்டும் ஒட்டிவைத்தால் அது எதைப் போன்றது? வாட்சனின் தொகுதிகளுக்காவது ஒரு பயன் இருந்தது. நம்முடையது அதன் குறையை மட்டும் சுவீகரித்துக்கொள்கிறது.

சாயவேரின் வீழ்ச்சி இன்னொன்றையும் கற்பிக்கிறது. 1856-இல் பெர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டெடுத்தார். சாயவேரின் சிவப்புக்கு மூலமான அலிசரினை 1868-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்வகத்தில் ஆக்கினர். 1897-இல் செயற்கை அவுரி நீலம் சந்தைக்கு வந்தது. நிலக்கரித் தாரின் இடத்தைக் காலப்போக்கில் பெருமளவு கச்சா எண்ணெய் பிடித்துக்கொண்டது. இன்று நாம் உடுத்தும் துணியின் வண்ணங்கள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து பிரித்த சேர்மங்களின் வழிவந்தவை. ஒருகாலத்தில் சாயவேர் விளைந்த கடற்கரையை அடுத்து இன்று கச்சா எண்ணெய் சுத்திகரிக்கப்படுகிறது. மணலியில் நின்று 'இயற்கைச் சாயம்' என்று சொல்கிறவர், சொல்லும்போதே தாம் உடுத்தியிருப்பது எந்தச் சாயம் என்று எண்ணிப் பார்ப்பது நன்று. நாமும் எண்ணிப் பார்த்தோம். நம் சட்டை மறுபக்கத்தைச் சேர்ந்தது.

இயற்கைச் சாயத்தின் காலம் பொற்காலம் என்றும் வாதிட மாட்டோம். வங்கத்தில் அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்ட உழவர் 1859-இல் கிளர்ந்தெழுந்தனர். அதன் வெப்பத்திலேயே தீனபந்து மித்ராவின் 'நீல தர்ப்பண்' நாடகம் 1860-இல் வந்தது. அவுரி தாவரம்தான், அதை விளைவித்த முறை கொடுமையானது. சாயவேரும் அவ்வாறே: வேரைப் பறித்தால் செடி போயிற்று. ஆகவேதான் நம் ஏட்டுக்கு அதைப் பயன்படுத்தவில்லை. அதற்கென ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, பெயரை மட்டும் எழுதிவைத்தோம்.

இனி நம் ஏட்டில் நடந்தவை. முதல் தொகுதித் தாள்களை இரவு முழுதும் மொட்டைமாடியில் காயவைத்திருந்தோம். காலையில் பார்த்தால், சங்குப்பூவின் நீலம் ஏறிய தாள்களெங்கும் நுண்ணிய கரும்புள்ளிகள். தட்டினால் உதிரவில்லை, ஈரத்தில் படிந்து ஊறிவிட்டிருந்தன. இதை எடுத்துவிட்டு வேறு செய்யலாம் என்று நாமே சொன்னோம். "இதுவும் நம்ம ஊர்ல விழுந்ததுதானே ஐயா, இலை மாதிரியே" என்றாள் ஒரு மாணவி. தாள்கள் ஏட்டில் சேர்ந்தன. அடியில் நாளும், மாடி இருக்கும் தெருவும், அன்றிரவு காற்றடித்த திசையும் எழுதப்பட்டன. கசங்காத நீலம் வேண்டுமென்று நாம் அத்தாள்களை வீசியிருந்தால், மணலியில் செய்த ஏட்டிலிருந்து மணலியையே நீக்கியிருப்போம்.

பட்டைச்சாயம் காய்ச்சிய நாளில் மற்றொரு மாணவியின் பாட்டி வந்திருந்தார். எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குடும்பத்தவர். பாத்திரத்திலிருந்து எழுந்த வாசனையை முகர்ந்ததுமே, "இன்னாடி இது, வலைக்குப் போடுற சாயத்தப் போயி நோட்டுக்குப் போடுறீங்க?" என்று சிரித்தார். பிறகு நம் பக்கம் திரும்பி, "அப்பல்லாம் நைலான் ஏது சார்? பருத்தி நூலு வலைதான். பட்டையக் காய்ச்சி அதுல முக்கி எடுத்தாதான் உப்புத்தண்ணில இத்துப் போவாது" என்றார். துவர் ஏறிய நூலை அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் எளிதில் அண்டா என்பதைத்தான் அவர் சொன்னார். எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், எத்தனை முறை முக்க வேண்டும், நிழலிலா வெயிலிலா உலர்த்த வேண்டும் என்று மாணவியர் கேட்கக் கேட்க, அவர் சொல்லிக்கொண்டே போனார். பொல்யூவும் கேர்தூவும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள். ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் நாம் வற்புறுத்தினோம்: சொன்னவர் பெயர் பக்கத்தின் தலைப்பில் வர வேண்டும்.

அந்தப் பேத்தி அடுத்த வாரம் ஒரு துணித்துண்டைக் கொண்டுவந்தாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் படிந்தது நினைவிருக்கலாம். அப்போது அவள் வீட்டில் படகைத் துடைத்த துண்டின் ஒரு பகுதி அது. துவைத்தும் போகவில்லை. படிகாரமும் இல்லாமல் கடுக்காயும் இல்லாமல் பற்றிக்கொண்ட நிறம். இதைச் செடிச்சாய ஏட்டில் சேர்க்கலாமா என்று வகுப்பில் நீண்ட விவாதம் நடந்தது. சேர்த்தால் அழகு கெடும் என்றனர் சிலர். சாயம் வேறு, கறை வேறு என்றனர் வேறு சிலர். அது சரியான இலக்கண வேறுபாடுதான். நாம் விரும்பி ஏற்றுவது சாயம். நம்மைக் கேளாமல் ஏறுவது கறை. ஆனால் ஓர் ஊரின் நிறங்களைத் தொகுப்பதாகச் சொல்லும் ஏடு விரும்பியதை மட்டுமே தொகுப்பது நேர்மையாகாது என்ற முடிவுக்கு வந்தோம். எண்ணெய் அடுத்த பக்கத்துக்கு ஊறாமலிருக்க அத்துண்டைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு ஒட்ட வேண்டியிருந்தது. அந்த உறை எதிலிருந்து வந்தது என்பதை மாணவியர் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்பு ஒன்றுண்டு. கலைக்குறிப்பேடு மனத்துக்கு இதம் தருவது. அதைப் புகார்ப் புத்தகம் ஆக்குவானேன் என்று கேட்கலாம். இதத்தை நாம் மறுக்கவில்லை. கட்டுப் பிரித்த கணத்தில் தேக்கின் தளிர் செம்மை கலந்த ஊதாவாக விரிந்தபோது மாணவியர் எழுப்பிய கூச்சலை அடுத்த தெருவும் கேட்டிருக்கும். சென்னையிலேயே தாரா பதிப்பகம் 2006-இல் 'மரங்களின் இரவு வாழ்க்கை' என்ற பொருள்படும் ஆங்கில நூலைக் கைத்தாளில், கையாலேயே திரை அச்சிட்டு வெளியிட்டது. அதன் அழகு உலகெங்கும் பேசப்பட்டது. அந்நூலில் கோண்டு ஓவியர் மூவரின் பெயர்களும் ஆசிரியராகவே இடம்பெற்றன. பெயரை எழுதியதால் அழகு குறைந்துவிடவில்லை.

நடைமுறைக் காரணமும் ஒன்று இருக்கிறது. செடிச்சாயங்கள் பலவும் நிலையற்றவை. மஞ்சளின் நிறம் சில நாள் வெயிலிலேயே வெளிறும். சங்குப்பூவின் நீலம் தாளில் நெடுநாள் தங்காது. இரும்புக் கருமை தங்கும். ஆனால் மிகுந்தால் காலப்போக்கில் தாளையே அரித்துவிடும். சில ஆண்டுகளில் இந்த ஏட்டைத் திறப்பவர்க்குப் பல பக்கங்களில் மங்கிய பழுப்பு மட்டுமே எஞ்சியிருக்கும். அன்று அந்தப் பழுப்பு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லப்போவது பக்கத்தில் எழுதிய குறிப்பு ஒன்றே. ஆகவே மாணவியரைப் பென்சிலால் எழுதச் சொன்னோம். பென்சில் கரி வெளிறுவதில்லை. செடியின் பெயர், பறித்த இடம், நாள், நீர் எங்கிருந்து வந்தது, எதைச் சேர்த்தோம், யார் சொல்லித் தந்தார், யார் செய்தார் என்ற ஏழு செய்திகளும் பக்கந்தோறும் இருக்க வேண்டும் என்பதே நாம் வகுத்த விதி. இத்தகைய ஏடு செய்கிற எவரும் இதைக் கைக்கொள்ளலாம். செலவு ஒரு பென்சில்.

ஏட்டின் கடைசிப் பக்கத்துக்கு எந்த இலையை வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது மாணவியர் மகிழம் என்றனர். திருவொற்றியூர்க் கோயிலின் மகிழ மரத்தடியில்தான் சுந்தரர் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்தார். சந்நிதியில் சத்தியம் செய்யும்போது இறைவன் மகிழ மரத்துக்கு நீங்கியிருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டதும், சங்கிலியாரின் தோழியர் மரத்தடியிலேயே சத்தியம் கேட்டதும், பின்னர் சூள் தவறி ஊரெல்லை கடந்தபோது அவர் கண்ணொளி இழந்ததும் பெரியபுராணம் படித்தவர் அறிந்தவை. மரம் சாட்சியாக நின்ற ஊர் இது. கோயில் மரத்தை நாம் தொடவில்லை; தெருவோரத்து மகிழ மரம் ஒன்றின் அடியில் கிடந்த இலைகளை எடுத்தோம். அச்சு அவ்வளவு தெளிவாக விழவில்லை. இரண்டாம் முறை வேகவைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். எழுத வேண்டிய ஏழு செய்திகளில் ஆறு அப்பக்கத்தில் எழுதியாயிற்று. அந்தத் தெருவின் குழாய்க்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதை விசாரித்துவர ஒரு மாணவி சென்றிருக்கிறாள்.